செத்த காலேஜில் எங்கள் கைதூக்கி அம்மா

என் வயதுக்காரர்களே, தலைக்குச் சாயம் பூசுகிறவர்களே, பூசிப் பூசி அலுத்து விட்டுவிட்டவர்களே, இது உங்களுக்காகத்தான். நம் பிள்ளைகளுக்கு ஷிப்ட் இருக்கிறது, ஓ.டி. இருக்கிறது, இதையெல்லாம் கேட்க அவர்களுக்கு ஏது நேரம்? ஹைவே ஓரத்துப் பழைய சத்திரத்தில் இருக்கிற நம் மியூசியத்துக்குப் போன மாதம் விழா எடுத்தார்கள். மேடையில் பேசியவர், இங்கே உள்ள பொருள்களெல்லாம் பொதுமக்கள் மனம் உவந்து கொடுத்தவை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "எய்ந்து கேக்கட்டுமாடி?" என்றாள். அவள் மூட்டு வலிக்காரி. எழுந்திருப்பதற்குள் அவர் பேசி முடித்து, பொன்னாடையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

மியூசியம் என்ற வார்த்தை அப்போது எங்கள் தெருவில் கிடையாது. மெட்ராஸ் போய் வந்தவர்கள் சொல்லிக்கொடுத்த பெயர்தான். மிருகக்காட்சி சாலை என்றால் உயிர் காலேஜ், மியூசியம் என்றால் செத்த காலேஜ். நம் ஊருக்கும் ஒரு செத்த காலேஜ் வரப்போகிறது என்று தெரிந்ததும் எங்கள் வீட்டுப் பெண்கள், "செத்ததுக்கு இன்னாத்துக்கு காலேஜு?" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்குப் பதினொன்று பன்னிரண்டு வயது இருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி இல்லை. சுங்குவார்சத்திரத்தில் பஸ் நின்றால் இறங்குகிறவர்கள் எல்லோரையும் நமக்குத் தெரியும். ஆண்களில் சிலர் அம்பத்தூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனார்கள், மற்றவர்கள் வயலில் இருந்தார்கள். அந்தக் கோடையில் பெங்களூர் ரோட்டை அகலப்படுத்தும் வேலை நடந்ததால் என் அப்பாவைப் போன்றவர்கள் தார் டிரம்முக்கும் ஜல்லிக்கும் போனார்கள். தார் வாசனை எங்கள் வீட்டுப் பானைத் தண்ணீரில்கூட இருந்தது.

மியூசியத்தை ஆரம்பித்தவர் ஒரு ரிடையர்டு சரித்திர வாத்தியார். மியூசியம் சார் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். காலியாகக் கிடந்த சத்திரத்தை யூனியன் ஆபீசில் அலைந்து திரிந்து வாங்கி, வௌவாலை ஓட்டி, தானே சுண்ணாம்பு அடித்தார். ஊர் ஊராகச் சைக்கிளில் போய்ச் சாக்குப் பையில் சாமான் சேர்த்தார். கண்ணாடித் துண்டு பதித்த கூத்துக் கிரீடம், துருப்பிடித்த வாள், ஓலைக்கட்டு, தேர்ச் சக்கரம், பாடம் செய்த ஒரு கீரிப்பிள்ளை. கீரிப்பிள்ளைக்கும் நம் ஊர்ச் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளே நுழைந்தால் அந்துருண்டையும் ஈரச் சுண்ணாம்பும் சேர்ந்து மூக்கில் ஏறும். எனக்கு அந்த வாசனை பிடிக்கும்.

ஏரி வற்றியதும் அவர் நம்மையெல்லாம் கல் பொறுக்க அனுப்பினாரே, நினைவிருக்கிறதா? ஆதி மனிதன் செதுக்கிய கல்லைக் கொண்டுவந்தால் பப்பர்மிட்டு. கல் கிடைக்காத நாளில் ரோட்டு ஜல்லியில் ஒன்றை எடுத்து, இன்னொன்றால் தட்டிக் கூராக்கி, சேற்றில் புரட்டிக் காயவைத்துக் கொடுத்தது உங்களில் ஒருவர்தான். பெயர் சொல்லமாட்டேன், பேரன் பேத்தி எடுத்த மனுஷர். அந்தக் கல் இன்றைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் பல்லாயிரம் ஆண்டுப் பழமையோடு உட்கார்ந்திருக்கிறது. போகும்போதெல்லாம் அதற்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் வருகிறேன்.

இனி எங்கள் அம்மாவுக்கு வருகிறேன். பெற்ற அம்மாவைச் சொல்லவில்லை, அவளும் வருவாள். ஏரிக்கரை மதகுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் நின்றிருந்ததே, அந்தக் கைதூக்கி அம்மா. கல்லில் ஒரு பெண். வலது கையை மடக்கி உயர்த்தி, உள்ளங்கையை நமக்குக் காட்டிக்கொண்டு நிற்பாள். மஞ்சளும் எண்ணெயும் விரற்கடை கனத்துக்கு ஏறி, கை மட்டும்தான் தெளிவாகத் தெரியும். வெள்ளிக்கிழமை பூசை. பூசாரி கிடையாது. பெண்களே எண்ணெய் ஊற்றி, மஞ்சள் பூசி, பொங்கல் வைப்போம். ஆண்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

அவர்கள் வராததற்குக் காரணம் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவள் தன் கையால் மஞ்சள் அரைத்து அந்தக் கல்லின் உள்ளங்கையில் பூசி, அதில் தன் கன்னத்தை வைத்து அழுத்துவாள். கன்னத்தில் மஞ்சள் கை பதியும். "இன்னாடி, அம்மாகிட்ட அறை வாங்கினியா?" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அந்தக் கை பட்ட கன்னத்தில் அதற்கப்புறம் வேறு எவன் கையும் படக்கூடாது. பட்டால் அவள் வந்து கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். தெருப் பெண்களும் கூடவே உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு வீட்டிலும் உலை ஏறாது. பசி வந்ததும் ஆண்களே அடித்தவனைத் தேடிப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார்கள். அவன் அந்தக் கைக்கு நேராக நின்று, "இனி ஓங்கமாட்டேன்" என்று சொல்லிக் கும்பிட்டால்தான் அடுப்பு எரியும். போலீஸ் ஸ்டேஷனில் நடக்காதது எங்கள் மதகடியில் நடந்தது.

அந்தக் கல்லைத்தான் ஒரு நாள் காணோம்.

பெண்கள் எல்லோரும் கடலை பிடுங்கப் போயிருந்த நாள் அது. சாயந்தரம் திரும்பி வந்தபோது கல் நின்ற இடத்தில் குழிதான் இருந்தது. ரோடு அந்த இடத்தின் மேல் வருகிறதாம். உடைத்து ஜல்லியாக்கிவிடுவார்களே என்று மியூசியம் சார் ஓடிவந்து கான்ட்ராக்டரிடம் கெஞ்சி, டிராக்டர் வைத்து எடுத்துப் போனாராம். ஊர் பிரசிடென்ட் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். கல்லைத் தூக்கி ஏற்றியவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

"ஒடைக்காம காப்பாத்திக் குட்த்துகீறோம். சந்தோசப்படுவியா, அத்த வுட்டுட்டு கத்தற" என்றார் அப்பா.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா? எங்கள்ல ஒருத்திய கேட்டியா? உயிரோட கீறவள செத்த காலேஜ்ல கொண்டும் போய் வெச்சிட்டு வந்துகீற" என்றாள் அம்மா.

அந்த வாரம் முழுக்க அப்பாவுக்குத் தட்டு வைத்ததோடு சரி, ஒரு பேச்சும் கிடையாது. அவர் விவரம் தெரியாமல் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அப்பாவைப் பொறுத்தவரை அது நிஜம்தான், அவர் ஈ எறும்புக்குக்கூட கை ஓங்காதவர். ஆனால் பிரசிடென்டை யோசித்துப் பார்க்கிறேன். அவர் வீட்டம்மா எத்தனையோ முறை மதகடியில் வந்து உட்கார்ந்தவள். அத்தனை பேர் பார்க்க அந்தக் கைக்கு முன்னால் நின்று கும்பிட்ட மனுஷருக்கு, கல்லை எடுத்துப் போகிறோம் என்றதும் பேனா தானாகத் திறந்திருக்கும். பெரியவர்கள் செய்வதெல்லாம் யோசித்துத்தான் செய்வார்கள் என்று சின்ன வயதில் நம்பினோமே, அது உண்மைதான். யாருக்காக யோசித்தார்கள் என்பதுதான் நமக்குத் தெரியாமல் போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை குழிக்குப் பக்கத்தில் அம்மா ஒரு செங்கல்லை நிமிர்த்தி மஞ்சள் தடவினாள். ஒரு ஆடு வந்து உரசித் தள்ளிவிட்டுப் போனது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நம்ம அம்மா இருந்தா ஆடு கிட்ட வருமா?" என்றாள் ஒருத்தி. அப்படியே தூக்குச் சட்டியும் எண்ணெய்க் கிண்ணமுமாக நடந்து டவுனுக்கே போய்விட்டோம். சத்திரத்துக் கதவு பூட்டிக் கிடந்தது. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. படிக்கத் தெரிந்தவள் நான்தான்.

"வெள்ளிக்கிழமை விடுமுறைன்னு போட்டுகீது" என்றேன்.

"இன்னொரு வாட்டி படி" என்றாள் அம்மா. படித்தேன். "வெள்ளிக்கெயமைக்கு லீவா? மத்த நாளெல்லாம் தெறந்து வெச்சி, சாமி வர்ற நாளைக்குப் பூட்டிகினு போற ஆளு யாருடி இவுரு?"

மெட்ராஸ் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு என்பதால் நம் மியூசியத்துக்கும் சார் அப்படியே எழுதிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. சரித்திரம் முழுக்கப் படித்தவர், வெள்ளிக்கிழமை என்றால் என்ன கிழமை என்று யாரையும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் அம்மா வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு திறந்திருக்கும்போதே போனாள். சார் சந்தோஷமாக வந்து எங்களைக் கூட்டிப் போனார். கல் ஜன்னலோரத்தில் சிமெண்டு மேடையில் நின்றிருந்தது, சுற்றிலும் கயிறு கட்டி. சார் சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து மஞ்சளையும் எண்ணெயையும் எல்லாம் எடுத்திருந்தார். கல் சாம்பல் நிறத்தில் வெறுமையாக இருந்தது.

"வெளுத்துப் பூட்டா" என்றாள் அம்மா. பிறகு குனிந்து பார்த்தாள். "அது யாரு, இவ பக்கத்துல?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். பெண்ணுக்குப் பக்கத்தில் அவளைவிடப் பெரிதாக ஒரு ஆண், கையில் வாள். இத்தனை காலம் மஞ்சளுக்கு அடியில் இருந்திருக்கிறான், எங்கள் ஒருத்திக்கும் தெரியாது.

"இவர்தாம்மா வீரன். இந்தக் கல்லே இவருக்காக வெச்சதுதான். சண்டையில செத்துப்போனவர்" என்றார் சார், முகமெல்லாம் பூரித்து.

"இருக்கட்டும். எங்களுக்கு அந்தாள தெரியாது" என்றாள் அம்மா.

அக்கா கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டினாள். சார் பதறிப்போய், "தொடாதே, தொடாதேம்மா" என்றார். அக்கா கையை இழுத்துக்கொண்டாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

மாப்பிள்ளை வீடு சேரப்பணஞ்சேரி. பிரசிடென்ட் முன்னின்று பேசி முடித்த சம்பந்தம். மாப்பிள்ளைக்கு அம்பத்தூரில் வேலை, சுருட்டை முடி, பேச்சு குறைவு. அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. நிச்சயத்தன்று அவர் கொடுத்த ரோஸ் பவுடர் டப்பாவைக் கல்யாணத்தன்றுதான் திறப்பேன் என்று துணிப்பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள். நான் திருட்டுத்தனமாக எடுத்து மூடியோடு மோந்து பார்ப்பேன்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அந்தக் கை அக்கா கன்னத்தில் பட வேண்டும். அம்மா சாரிடம் இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டாள். வெள்ளிக்கிழமை திறக்க முடியாது, மற்ற நாளில் வந்து தூரத்திலிருந்து கும்பிடலாம், மஞ்சள் எண்ணெய் கூடவே கூடாது என்று பதில் வந்தது. வேறு கல் வைத்துச் செய்துகொள்ளலாமே என்றார் அப்பா. அம்மா அவரைப் பார்த்த பார்வையில் மனுஷர் பீடியோடு வெளியே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் தெருவே கிளம்பிவிட்டது. பானை, அரிசி, வெல்லம், அடுப்புக்கு மிளார், அம்மியில் அக்கா தன் கையால் அரைத்த மஞ்சள். பூட்டிய சத்திரத்துக்கு முன்னால் கல் கூட்டி அடுப்பு மூட்டினோம். புகை ஹைவேயில் போனது. லாரிக்காரர்கள் என்ன விசேஷம் என்று நிறுத்திப் பார்த்தார்கள். வாட்ச்மேன் கொஞ்ச நேரம் அதட்டிப் பார்த்தார், பிறகு அடுப்புக்கு அவரே ஊதுகுழலும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சாருக்கு ஆள் அனுப்பினார். பிரசிடென்ட் வீட்டம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அந்த வெயிலில் ஏன் அப்படிப் போர்த்தியிருக்கிறாள் என்று நான் கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

சார் சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"இன்னிக்கு லீவும்மா. மெட்ராஸ்லயே வெள்ளிக்கிழமை மூடிடறாங்க."

"மெட்ராசுல கீறது மெட்ராசுக்காரங்களுது. இங்க கீறது எங்களுது. எங்க அம்மாவ எங்களுக்குத் தெறந்து வுடுங்க" என்றாள் அம்மா.

"நான் எடுத்துட்டு வரலேன்னா அது இப்ப ரோட்டுக்கடியில ஜல்லியா கிடக்கும். அது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார். அதுக்கு உங்களுக்குப் பெரிய கும்புடு. காப்பாத்தினீங்க. காப்பாத்தினவரு பூட்டி வைக்கலாமா?"

"மஞ்சள் பூசிப் பூசி அவ முகமே தேஞ்சு போச்சும்மா. மூக்கு இல்லை, கண்ணு இல்லை."

"எங்க கை பட்டுத் தேஞ்சா. தேயட்டும். யாரும் தொடாத கல்லுக்கு மூக்கு இருந்து இன்னா பண்றது?"

சார் கடைசியாக, போட்டோ எடுத்துத் தருகிறேன், பெரிதாகக் கண்ணாடி போட்டு வீட்டிலேயே வைத்துக் கும்பிடுங்கள் என்றார். மனுஷர் மனசார, தன் செலவில் செய்துதருவதாகத்தான் சொன்னார். அம்மா, "போட்டோல கன்னத்த வெச்சா மஞ்சா ஒட்டுமா?" என்று கேட்டாள். வாட்ச்மேனே சிரித்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் புல்லட் சத்தம் கேட்டது. பிரசிடென்ட் வந்தார், பின்னால் மாப்பிள்ளையின் அப்பா. கல்யாணப் பெண் நடுரோட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பிரசிடென்டுக்குத் தன் வீட்டம்மாவைக் கூட்டத்தில் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இன்னா இது அசிங்கம்? எய்ந்து போங்க எல்லாம்" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா சாரிடம், "இன்னா சார் கல்லு அது? இதுங்க ஏன் இந்த ஆட்டம் ஆடுதுங்க?" என்று கேட்டார்.

அப்போது சார் ஒன்றைச் சொன்னார். அதை வேண்டுமென்று சொல்லவில்லை, தெரிந்த விஷயத்தைக் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாத வாத்தியார் அவர். "செத்துப்போன வீரனுக்கு வெச்ச கல்லுங்க. பக்கத்துல கை தூக்கிட்டு நிக்கறது அவன் சம்சாரம். புருஷன் செத்ததும் தீயில இறங்கினவ. அப்படி இறங்கினவளுக்குத்தான் இந்த மாதிரி ஒத்தைக் கைய தூக்கிச் செதுக்குவாங்க."

பொங்கல் கொதிப்பது மட்டும் கேட்டது. என் அம்மா வாயடைத்துப்போய் நின்றதை நான் அந்த ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு யாருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தால் கல்யாணப் பெண்ணை அந்தக் கையிடம் அனுப்பியிருப்பார்களா என்று அம்மா மனசுக்குள் ஓடியிருக்கும்.

"தீயில எறங்கினவ கைய கன்னத்துல வெச்சிகினு எம்புள்ள பக்கத்துல வந்து ஒக்காருவாளா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "தே பாரும்மா. இப்பவே பொண்ண கூட்டிகினு வூட்டுக்குப் போ. இல்லேன்னா ஞாயித்துக்கெயமை யாரும் வரமாட்டோம். அதுவும் இல்லாம, பொம்பளைங்க கும்பலா ஒக்காந்து ஆம்பளைய கும்புடு போட வெக்கற பயக்கம்லாம் எங்க வூட்ல வேலைக்காவாது."

அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்காவின் கையைப் பிடித்து, "வாடி, போலாம்" என்றாள்.

அக்கா எழுந்தாள். போவதற்குத்தான் எழுந்தாள் என்று நினைத்தேன். மஞ்சள் கிண்ணத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சார் முன்னால் போய் நின்றாள்.

"சார், அவ தானா எறங்கினாளா, புடிச்சி எறக்கினாங்களா?"

சார் வாயெடுப்பதற்குள் அக்காவே அடுத்ததையும் கேட்டாள்.

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லம்மா" என்றார் சார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "அதை யாரும் எழுதி வைக்கலை" என்றார்.

"தீயில தானா எறங்கறவ கும்புட்டுகினு எறங்குவா. எதுக்குக் கைய தூக்கினா? கிட்ட வராதே, நில்லுன்னு சொல்றதுக்குத் தூக்கின கை சார் அது. அன்னிக்கு யாரும் நிக்கல. அதுக்குத்தான் அவ எங்களுக்குக் கைய குடுத்துகினு கீறா."

"ஏய், வாயாடாத!" என்று மாப்பிள்ளையின் அப்பா ஒரு எட்டு முன்னால் வந்தார். அக்கா திரும்பி வலது கையைத் தூக்கினாள். உள்ளங்கை முழுக்க மஞ்சள்.

"நில்லு மாமா. நீ கல்யாணத்த நிறுத்திக்கோ. அந்தக் கைய தொடாம நான் எந்த மணையிலயும் ஒக்கார மாட்டேன்."

அவர் நின்றார். உண்மையாகவே நின்றுவிட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பிரசிடென்டுக்காகக்கூடக் காத்திருக்காமல், சுங்குவார்சத்திரம் பக்கமாக நடந்தே போய்விட்டார். போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டு அக்கா தூக்கிய கையை இறக்காமலே நின்றாள். பவுடர் டப்பா எனக்கு ஞாபகம் வந்தது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

சார் ஜிப்பா பையில் கையை விட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார். யாரும் அவரிடம் அப்போது எதுவும் கேட்கவில்லை. பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளி, உள்ளே போய்க் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டார். "எண்ணெய் மட்டும் வேண்டாம்மா" என்று அம்மாவிடம் கெஞ்சுகிற மாதிரி சொன்னார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு அம்மா எண்ணெயையும் ஊற்றினாள்.

அக்கா அந்த உள்ளங்கையில் மஞ்சள் பூசிக் கன்னத்தை வைத்தாள். வைத்தவள் சீக்கிரம் எடுக்கவில்லை. கல்யாணம் நின்றுபோன ஒரு பெண், கல்யாணத்துக்குச் செய்கிற சடங்கைச் செய்துகொண்டு நின்றாள், சுற்றிலும் கூத்துக் கிரீடமும் கீரிப்பிள்ளையும். அவள் விலகியதும் பிரசிடென்ட் வீட்டம்மா முந்தானையை விலக்கிவிட்டு வந்தாள். அவள் தாடையில் நீலம் பாரித்திருந்ததை எல்லோரும் பார்த்தோம், வாசலில் நின்ற பிரசிடென்டும் பார்த்தார். அவள் அந்தக் கன்னத்தை அந்தக் கையில் வைத்தாள். பெண்கள் ஒவ்வொருவராகக் கல்லைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். என்ன நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் புல்லட் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார், லாரிக்காரர்கள் வேறு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். செத்த காலேஜுக்குள் அவர் கும்பிட்ட பிறகுதான் நாங்கள் பொங்கல் சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நடக்கவில்லை. கல்லால் கெட்ட குடும்பம் என்று டவுனில் பேசினார்கள். அம்மா பல நாள் அடுப்படியில் தனியாக அழுதாள், அக்கா முன்னால் மட்டும் அழவில்லை. அக்கா அந்தப் பவுடர் டப்பாவை எடுத்துத் திறந்து, தெருவில் இருந்த அத்தனை பெண் பிள்ளைகளையும் கூப்பிட்டு வரிசையாக நிறுத்திப் பூசிவிட்டாள். எனக்குக் கழுத்து வரைக்கும். டப்பா காலியானதும் அதில் ஊசி நூல் போட்டு வைத்துக்கொண்டாள். அதை எங்கே தொலைத்தோம் என்று இருவருக்குமே தெரியவில்லை.

மறு வருஷம் ஒரு லேத் பட்டறைக்காரர் தானாக வந்து பெண் கேட்டார். சத்திரத்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தில் அவரும் இருந்தாராம். "அந்தக் கைய நேர்ல பாத்துட்டுத்தான் கேக்கறேன்" என்றாராம் அம்மாவிடம். அந்த மாமா இன்றுவரை வீட்டில் சண்டை என்றால், "நில்லுன்னு சொல்லிடாதடி தாயே, டீயாவது குடிச்சிட்டு நிக்கறேன்" என்பார்.

சார் கதவைத் திறந்துவிட்ட அந்த வாரமே பச்சைப் பலகையில் 'வெள்ளி' அழிந்து 'புதன்' வந்தது. சார் தன் கையாலேயே எழுதினார். கல்லுக்குக் கீழே இருந்த சீட்டில் வீரனைப் பற்றி எழுதியிருந்தது அப்படியேதான் இருந்தது, அதை அவர் மாற்றவில்லை. ஆனால் தீயில் இறங்கிய கதையை அவர் அந்தச் சீட்டில் கடைசி வரை எழுதவும் இல்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாத மனுஷருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். படித்தவர்கள் அந்தக் கைக்கு அர்த்தம் தீக்குளித்தவள் என்றுதான் சொல்கிறார்கள். நானும் தேடிப் படித்தேன். அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். என் அக்கா கேட்ட கேள்விக்கு மட்டும் ஒரு புத்தகத்திலும் பதில் இல்லை.

சார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. எங்கள் மதகு இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர்கள் நிற்கின்றன. அதற்காக நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை, அங்கே என் மகளும் வேலை செய்கிறாள். ஆனால் மியூசியத்துக்குப் புதிதாக வந்த ஆபீசர், விழாவுக்கு முன்னால் கைதூக்கி அம்மாவைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு போட்டுவிட்டார். தொடாதீர்கள் என்று சிவப்பில் ஒரு அட்டை வேறு.

விழா முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை அக்காவும் நானும் போனோம். கூண்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கைக்கு நேராக, கண்ணாடி முழுக்க மஞ்சள். உள்ளங்கை உள்ளங்கையாக, கன்னம் கன்னமாகப் பதிந்திருந்தது. எங்கள் தெருப் பெண்கள் மட்டும் அல்ல. ஹாஸ்டலில் தங்கி போன் கம்பெனி லைனில் நிற்கிற பிள்ளைகள், தெற்கேயிருந்து வந்தவர்கள், நைட் ஷிப்ட் முடிந்து ஐ.டி. கார்டு கழுத்தோடு நின்றிருந்தார்கள். ஒரு பெண் அக்காவிடம், "இந்தக் கையில கன்னத்தை வெச்சா அதுக்கப்புறம் யாரும் அடிக்க மாட்டாகளாமே, நெசமா?" என்று கேட்டாள்.

"அடிச்சா இங்க வந்து ஒக்காரு. கூட ஒக்கார நாங்க கீறோம்" என்றாள் அக்கா.

ஆபீசர் துணியும் கையுமாக வந்தார். நல்ல பையன், நம் பிள்ளைகள் வயதுதான். "யாருங்க இப்படிப் பண்றது? வாரா வாரம் இதையே தொடைக்க வேண்டியிருக்கு" என்று கத்தினார். பிள்ளைகள் பின்வாங்கினார்கள். அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போய், பையிலிருந்து மஞ்சள் கிண்ணத்தை எடுத்து, அவர் பார்க்கப் பார்க்கத் தன் வலது கையை அழுத்தமாகக் கண்ணாடியில் பதித்தாள்.

"நாந்தாம்பா பண்றேன். கண்ணாடிய எடு. இல்லேன்னா வெள்ளிக்கெயமை வெள்ளிக்கெயமை தொடைச்சிகினே இரு."